கோரைப்பல் மன்னனும் வெள்ளித்திரைப் பூதங்களும்

கெடா மாநிலத்தின் கிழக்கே, குன்றுகளுக்கு நடுவில் பாலிங் என்னும் சிற்றூர் உள்ளது. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாட்களில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் நேருக்கு நேர் அமர்ந்து பேசிய இடம் என்று வரலாற்று மாணவர் அதனை அறிவர். அவ்வூர்ப் பெயருக்கு மக்கள் சொல்லும் காரணமோ வேறு. 'பாலிங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு எறிதல் என்பது பொருள். முன்னொரு காலத்தில் கெடாவை ஆண்ட அரசன் ஒருவன் தன் வாயில் முளைத்த கோரைப்பற்களைப் பிடுங்கி எறிந்த இடம் அது என்பர். அவனே ராஜா பெர்சியோங் எனப்படும் கோரைப்பல் மன்னன்.

கெடாவின் பழங்கதை நூலாகிய ஹிக்காயத் மேரோங் மகாவங்சாவில் அவன் கதை வருகிறது. அரண்மனைச் சமையற்காரி கீரை நறுக்கும்போது விரலை வெட்டிக்கொள்கிறாள். இரத்தம் கீரையில் சிந்திவிடுகிறது. அக்கீரையின் சுவையில் மயங்கிய மன்னன், உண்மையை அறிந்த பின் சிறைக் கைதிகளைக் கொன்று இரத்தம் பருகத் தொடங்குகிறான். பின்னர்க் குடிமக்கள் மீதே கை வைக்கிறான். வாயில் பல் நீள்கிறது. குடிகள் திரண்டு எழ, அவன் காட்டுக்கு ஓடுகிறான். மறைந்து வாழ்ந்த காலத்தில் குடியானவப் பெண் ஒருத்தியிடம் அவன் பெற்ற மகனே பிற்காலத்தில் யானையால் தேர்ந்தெடுக்கப்பட்டு அரியணை ஏறுகிறான்.

தமிழர்க்கு இக்கதை முற்றும் புதியதன்று. மனித ஊன் கலந்த உணவால் அரக்கத்தன்மை எய்திய கல்மாஷபாதனைப் பாரதம் பேசுகிறது. சுதசோம சாதகக் கதை அதன் பௌத்த வடிவம். யானை அரசனைத் தேர்ந்தெடுக்கும் செய்தியைக் கரிகாலன் வரலாற்றோடு சேர்த்துக் கேட்டவர்கள் நாம். கடல் கடந்து வந்த கதைக்கூறுகள் கடாரத்து மண்ணில் வேர்கொண்டு மலாய்க் கதையாகவே ஆகிவிட்டன.

இக்கதையில் நாம் நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கொடியவன் அயல்நாட்டிலிருந்து வந்தவன் அல்லன். அவன் நம் அரசன், நாம் வணங்கியவன். அவன் மகனையே மீண்டும் அரசனாக ஏற்றுக்கொள்கிறோம். ஒரு சமுதாயம் தன் பூதத்தை எங்கே தேடுகிறது என்பதைப் பார்த்தால், அது யாருக்கு அஞ்சியது, யாரைத் தன்னவராகக் கொண்டது என்பது விளங்கும். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெளிவந்த பூதப் படங்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

கெடாவின் தமிழர்க்கு இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி ஆகாது. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த மக்கள், திடலில் வெண்துணி கட்டிக் காட்டிய படங்களைத் தரையில் அமர்ந்து பார்த்தவர்கள். சம்பள வாரத்தில் பட்டணத்துக் கொட்டகைக்குச் சென்றவர்கள். தமிழ்ப் படம், மலாய்ப் படம், ஆங்கிலப் படம் என மூன்றும் அவர்கள் கண்முன் ஓடின. மூன்றிலும் பூதங்கள் இருந்தன. அம்மூன்றில் எதில் அவர்கள் இருந்தார்கள் என்பதே கேள்வி.

அமெரிக்காவின் அயலார்

அமெரிக்கப் பூதப் படங்களுக்கு மூலமாக நிற்பது 1933-இல் வெளிவந்த 'கிங் காங்'. 1952-இல் அது மீண்டும் திரையிடப்பட்டுப் பெரும் வருவாய் ஈட்டியதே, அந்தப் பத்தாண்டில் பூதப் படங்கள் பெருகியதற்கு ஒரு காரணம். பெருங்குரங்கு வாழும் தீவு சுமத்ராவுக்கு மேற்கே இருப்பதாகக் கதை சொல்கிறது. தீவினர் பேச்சு நியாஸ் தீவு மொழியைப் போல் இருப்பதாகக் கப்பல் தலைவன் கூறுகிறான். நியாஸ் நமக்கு அண்டைக் கடலில் உள்ள உண்மையான தீவு. ஆனால் திரையில் அத்தீவினராக வந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினத்தார். நியாஸ் என்றாலும் ஆப்பிரிக்கா என்றாலும் அந்நாளைய ஹாலிவுட்டுக்கு ஒன்றே. உடுக்கையும் ஈட்டியும் முகத்தில் தீட்டிய கோலமும் இருந்தால் போதும்.

அத்தீவின் தலைவனாக நடித்தவர் நோபிள் ஜான்சன். அவர் சாமானியர் அல்லர். கறுப்பினத்தார் தம் வாழ்வைத் தாமே படமாக்க வேண்டும் என்று 1916-இல் லிங்கன் படக் கம்பெனியை நிறுவியவர்களுள் ஒருவர். அத்தகையவர் பிறர் எடுத்த படங்களில் அடிமையாகவும் காட்டுத் தலைவனாகவும் நடித்துப் பிழைக்க நேர்ந்தது.

1954-இல் வெளிவந்த 'கருங்காயலின் பிராணி' என்னும் படம் ஆமசான் காட்டைக் களமாகக் கொண்டது. அறிவும் ஆராய்ச்சியும் வெள்ளையருக்கு. மூட்டை தூக்குவதும் முதலில் சாவதும் உள்ளூர்க்காரருக்கு. முகாமில் தங்கிய உதவியாளர் இருவர் மாண்ட பிறகே அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு ஆபத்து நெருங்குகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தரைக் காட்சிகளில் அப்பிராணியின் உடைக்குள் நின்றவர் தஹீத்தித் தீவு வழிவந்த பென் சாப்மன். அவ்வுருவை வரைந்து வகுத்த பெண் கலைஞர் மிலிசென்ட் பாட்ரிக். படத்தில் பெயர் பெற்றவரோ ஒப்பனைப் பிரிவின் தலைவர். பூதத்தின் முகம் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அதைப் படைத்தவர் பெயர் பல்லாண்டுகள் மறைந்து கிடந்தது.

ஜப்பானியரின் 'காட்ஜில்லா'வுக்கு நேர்ந்தது இன்னும் தெளிவானது. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கர் வெடித்த நீர்வாயுக் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் மீது விழுந்தது. அவ்வாண்டே, அணுவின் கொடுமைக்கு உருவம் கொடுத்ததுபோல் அப்படம் வெளிவந்தது. 1956-இல் அதை அமெரிக்காவில் காட்டியபோது, ரேமண்ட் பர் என்னும் நடிகரை அமெரிக்க நிருபராக நடிக்கவைத்துப் புதிய காட்சிகளை ஒட்டினார்கள். ஜப்பானியர் தமக்குள் பேசிக்கொண்ட பல பகுதிகளை வெட்டினார்கள். தன் துயரைத் தானே சொல்லவந்தவனை ஓரமாக உட்காரவைத்து, பக்கத்து வீட்டுக்காரன் சொல்லக் கேட்பது போன்றது அது.

பூதமாக நடித்தவர்களிலேயே பெரும்புகழ் பெற்றவர் 1931-இல் வந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்தின் போரிஸ் கார்லாப். அவர் இயற்பெயர் வில்லியம் ஹென்றி பிராட், லண்டனில் பிறந்தவர். அவர் பாட்டியின் உடன்பிறந்தவளே, சயாம் அரண்மனையில் ஆசிரியையாக இருந்து நூல்கள் எழுதிய அன்னா லியோனோவன்ஸ். அன்னா 1831-இல் பம்பாய் மாகாணத்து அகமத் நகரில் பிறந்தவள். தன்னை வேல்ஸ் நாட்டில் பிறந்தவள் என்றே சொல்லிக்கொண்டாள். அக்குடும்பத்தில் இந்தியக் கலப்பு இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. கெடாக் கரையிலிருந்து நீரிணையைக் கடந்தால் பினாங்கு. அங்குள்ள பழைய புரோட்டஸ்டண்டு கல்லறையில், 1859-இல் இறந்த அன்னாவின் கணவர் தாமஸ் லியோனோவன்ஸ் அடக்கமாகியிருக்கிறார். உலகை அச்சுறுத்திய அமெரிக்கப் பூதத்தின் குடும்பக்கிளை நமக்கு இவ்வளவு அருகில் இருந்தது; அதைச் சொல்லிக்கொள்ளத்தான் அக்காலத்தில் எவருக்கும் துணிவில்லை.

சேலத்தில் உலாவிய பூதம்

அமெரிக்கப் பூதப் படம் ஒன்று தமிழ்நாட்டிலேயே எடுக்கப்பட்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். டி. ஆர். சுந்தரத்தின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தை வெளியிட்டது. தமிழில் அதன் பெயர் 'காடு'. இயக்கியவர் வில்லியம் பெர்க். பனிக்காலத்தில் வாழ்ந்து மறைந்த மயிரடர்ந்த மாமத யானைகள் இந்தியக் காட்டில் திரிவதாகக் கதை. நம் யானைகளுக்கே செயற்கை மயிர் போர்த்தி மாமதங்கள் ஆக்கினர்.

வேட்டைக்காரராக வந்தவர் ராட் காமரான். இந்திய இளவரசியாக வந்தவர் அமெரிக்க நடிகை மேரி விண்ட்சர். அவருடன் இந்தியப் பாத்திரம் ஏற்றவர் கியூபா வழிவந்த சீசர் ரோமரோ. எம். என். நம்பியார் போன்ற தமிழ் நடிகர்கள் துணைப் பாத்திரங்களில் நின்றனர். சேலத்து மண், தமிழ்நாட்டு யானை, தமிழ்த் தொழிலாளர் உழைப்பு. இந்தியராக நடிக்க மட்டும் அமெரிக்கர் வரவேண்டியிருந்தது. நம் வீட்டுக் கல்யாணத்தில் நம்மையே விருந்தாளியாக்கிய கதை இது.

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 1951-இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்து வெற்றி முரசு கொட்டிய 'பாதாள பைரவி'யை எடுத்துக்கொள்வோம். எஸ். வி. ரங்காராவ் நடித்த கொடிய மந்திரவாதி நேபாளத்தான். தென்னாட்டு மக்கள் நேபாளத்தானோடு என்றும் பகை கொண்டதில்லை. ஆயினும் கொடுமைக்கு ஊர் தேடியபோது தொலைவிலுள்ள ஊரே கிடைத்தது. அயலானைப் பூதமாக்கும் பழக்கம் ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய நோய் அன்று.

பொந்தியானாக்கும் எண்ணெய் மனிதனும்

இப்பின்னணியில் மலாய்ப் பேய்ப் படங்களை நோக்கினால் அவற்றின் தனித்தன்மை விளங்கும். மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், 1957 ஏப்ரல் 27-ஆம் நாள் சிங்கப்பூர் கேத்தே அரங்கில் 'பொந்தியானாக்' திரையிடப்பட்டது. பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண் பேயாகத் திரிவாள் என்னும் மலாய் மக்களின் நம்பிக்கையே இப்பெயரின் பின்னணி. தமிழர்க்கு அந்நம்பிக்கையை விளக்க வேண்டியதில்லை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக வழிநடையில் சுமைதாங்கிக் கல் நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். அவள் இறக்காமல் சுமந்துபோன பாரத்தை வழிப்போக்கரின் பாரத்தை இறக்கி ஆற்றுவது அதன் கருத்து. தோட்டத்து லயங்களில் பொந்தியானாக் கதை எளிதில் புகுந்ததற்கு இவ்வொற்றுமையும் காரணம் எனலாம்.

அப்படத்தை உருவாக்கியவர்களைப் பாருங்கள். முதலீடு செய்த கேத்தே-கெரிஸ் நிறுவனம் சீனராகிய லோக் வான் தோ, ஹோ ஆ லோக் ஆகியோருடையது. இயக்கிய பி. என். ராவ் கேரளத்தில் பிறந்தவர். 1945-இல் தமிழில் 'சாலிவாகனன்' படத்தை இயக்கியவர். பொந்தியானாக்காக நடித்த மரியா மெனாடோ, சுலாவேசித் தீவின் மெனாடோ வட்டாரத்தவர். கதை மலாய்க் கம்பத்தினுடையது. படம் கந்தோனீஸ் மொழி பேசவைக்கப்பட்டு ஹாங்காங்கிலும் காட்டப்பட்டது. 'பொந்தியானாக்கின் வஞ்சம்' என்ற இரண்டாம் படம் அதே ஆண்டிலும், 'பொந்தியானாக்கின் சாபம்' என்ற மூன்றாம் படம் 1958-லும் தொடர்ந்தன. போட்டிக்கு ஷா சகோதரர்கள் 1958-இல் 'பொந்தியானாக்கின் பிள்ளை'யைப் பிலிப்பைன்ஸ் நாட்டவராகிய ராமோன் எஸ்தேலாவைக் கொண்டு எடுத்தனர்.

கதையும் கருத்தூன்றத்தக்கது. கூன் விழுந்து அழகற்ற நிலையில் ஊராரின் ஏளனத்துக்கு ஆளான பெண் ஒருத்தி, மந்திர மருந்தால் அழகு பெறுகிறாள். இரத்தத்தைச் சுவைக்கலாகாது என்பது அதற்குரிய கட்டுப்பாடு. கணவனைப் பாம்பு கடித்தபோது அவன் உயிரைக் காக்க நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள், இரத்தம் நாவில் படுகிறது, பேயாகிறாள். கோரைப்பல் மன்னனும் இவளும் ஒரே வாயிலின் வழியே பேயுலகம் புகுந்தவர்கள். அவன் ஆசையால் கெட்டான். இவளோ அன்பால் கெட்டாள்.

அதே 1958-இல் பினாங்கில் பிறந்த பி. ராம்லி தாமே இயக்கி நடித்த 'எண்ணெய் மனிதனின் சாபம்' வெளிவந்தது. அதன் தலைவன் பாத்தேக் துணி ஓவியன், கூனன், முகத்தின் கோரத்தால் ஊரார் இழித்துரைத்தவன். அவமதிப்பே அவனைப் பூதமாக்குகிறது. எல். கிருஷ்ணனும் அவ்வாண்டு எண்ணெய் மனிதனைப் பற்றி ஒரு படம் இயக்கினார். ராம்லியின் படத்திலும் ராவின் படத்திலும் பூதம் கடல்கடந்து வருவதில்லை. அடுத்த வீட்டில், நாம் தள்ளிவைத்தவருள் அது பிறக்கிறது. அமெரிக்கப் பூதத்தைக் கண்டவர் துப்பாக்கியைத் தேடினர். மலாய்ப் பூதத்தைக் கண்டவர் அதற்கு இரங்கவும் செய்தனர்.

திரைக்குப் பின்னே இந்தியர்

இதைக்கொண்டு மலாய்த் திரை எல்லார்க்கும் இடம் தந்தது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. 1930-களில் முதல் மலாய்ப் பேசும்படத்தை இயக்கிய பி. எஸ். ராஜ்ஹன்ஸ், ராம்லியை 1950-இல் 'பக்தி' படத்தில் முதன்முதலாகக் கதைத்தலைவன் ஆக்கிய எல். கிருஷ்ணன், 1956-இல் 'ஹங் துவா'வை இயக்கிய பணி மஜும்தார், எஸ். ராமநாதன் என இந்திய இயக்குநர் வரிசை நீண்டது. காமிராவுக்குப் பின்னே அவர்கள் நின்றனர். முன்னே அவர்கள் இனத்தார் அரிதாகவே தோன்றினர். 1961-இல் ராம்லி எடுத்த 'நடிகர் புஜாங் லாப்போக்' படப்பிடிப்பு நிலையத்தையே களமாகக் கொண்ட நகைச்சுவைப் படம். அங்கே நாம் காணும் இந்தியர் வாயிற்காவலராகிய சீக்கியர். உண்மையான நிலையத்தின் உள்ளே இந்தியர் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்த காலம் அப்போதுதான் கழிந்துகொண்டிருந்தது.

பேய்ப் படங்களில் கம்பம் உண்டு, காடு உண்டு. பால்மரத் தோட்டமும் லயமும் இல்லை. தோட்டத்து மக்கள் வாயற்றவர்களாக இருந்ததால் இவ்வாறு ஆயிற்று என்று கூற முடியாது. பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் தோன்றிய தொண்டர் படை, 1946-47 ஆண்டுகளில் கள்ளுக்கடை ஒழிப்பையும் தொழிலாளர் மானத்தையும் முன்வைத்துக் கெடாவைக் கலக்கியது. 1947-இல் அரசின் அடக்குமுறைக்கு ஆளாயிற்று. ஒரு பெருங்கதைக்கு வேண்டிய அனைத்தும் அங்கிருந்தன. அதைப் படமாக்க அன்று ஒருவரும் முன்வரவில்லை. தமிழ்ப் படங்கள் சென்னையில் பிறந்தன. அவற்றுக்குக் கெடாவின் லயம் தெரியாது. மலாய்ப் படங்கள் சிங்கப்பூரில் பிறந்தன. இந்திய இயக்குநர்களும் கம்பத்துக் கதையையே எடுத்தனர். பார்ப்பவராக எல்லாப் படத்திலும் இருந்த தோட்டத் தமிழர், பார்க்கப்படுபவராக எதிலும் இல்லை.

1968

ஓர் ஆண்டில் வந்த மூன்று படங்களை அருகருகே வைத்தால் காலம் திரும்பிய திசை தெரியும். அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமீரோ 1968-இல் எடுத்த 'உயிருள்ள பிணங்களின் இரவு' படத்தில், கறுப்பினத்தாராகிய டுவேன் ஜோன்ஸ் கதைத்தலைவர். பிணங்களை எதிர்த்து இரவு முழுதும் போராடித் தப்பியவரை, காலையில் வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டம் பிணம் என்று எண்ணிச் சுட்டுவிடுகிறது. யார் பூதம் என்ற கேள்வி அங்கே சுட்டவர்களின் பக்கம் திரும்பிற்று.

அதே ஆண்டில் கெடாவின் மைந்தரும் அன்றைய பிரதமருமாகிய துங்கு அப்துல் ரகுமான் எழுதிய கதையை, ஜமீல் சூலோங் 'ராஜா பெர்சியோங்' என்னும் வண்ணப்படமாக இயக்கினார். கெடா அரச குடும்பத்தில் பிறந்தவர் ஒருவர், தம் நாட்டுப் பழைய அரசன் இரத்தவெறி கொண்ட வரலாற்றை நாடறியச் சொன்னது சிறிய செய்தி அன்று. அதிகாரம் குடிமக்களை உண்ணத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை அறிந்த கதை அது.

மூன்றாவது படத்தில் பூதமே இல்லை. ராம்லியின் 'கெரிமிஸ்', மலாய் ஓவியனுக்கும் லீலா என்னும் இந்தியப் பெண்ணுக்கும் உண்டான காதலைச் சொல்வது. லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரு குடும்பமும் அவர்களைத் தள்ளிவைக்கின்றன. தள்ளிவைத்தலின் துயரத்தைப் பத்தாண்டுக்கு முன் கூனனின் உருவில் காட்டிய ராம்லி, இப்போது முகமூடியைக் களைந்து நேராகக் காட்டினார். இந்தியப் பெண் நகைப்புக்கு உரியவளாக வராமல் கதையின் நடுவே நின்றாள். அடுத்த ஆண்டு மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்டது. அண்டை வீட்டாரை அஞ்சத்தக்கவராக எண்ணத் தொடங்கினால் நேர்வது என்ன என்பதற்குத் திரைப்படச் சான்று தேவைப்படாத நாட்கள் அவை.

எஞ்சியவை

இன்று நாம் இவற்றையெல்லாம் மீண்டும் பார்க்க விரும்பினாலும் முழுமையாக முடியாது. பொந்தியானாக் வரிசையின் முதல் இரு படங்களின் பிரதிகளும் அழிந்துவிட்டன. மூன்றாவது படம் எஞ்சியிருக்கிறது. முதற்படத்தைத் திடலிலும் கொட்டகையிலும் பார்த்தவர்களின் நினைவே அதற்கு இன்று களஞ்சியம். அந்நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். கெடாவின் தோட்டங்களும் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாகியும், லயங்களோடு திடல்களும் மறைந்துவருகின்றன.

ஆதலின் நம் இளைஞர் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வீட்டிலுள்ள பெரியவர்களிடம், எந்தத் தோட்டத்தில், எந்தத் திடலில், எந்தப் பேய்ப் படத்தைப் பார்த்தீர்கள், யாரோடு அமர்ந்து பார்த்தீர்கள், எதற்கு அஞ்சினீர்கள், எதற்கு அழுதீர்கள் என்று கேட்டு எழுதிவைக்கட்டும். திரை நமக்கு இடம் தராத காலத்தில், திரைக்கு எதிரே நாம் அமர்ந்திருந்தோம் என்பதற்கு அதுவே சான்றாகும். பாலிங் நகர் தன் பெயரிலேயே ஒரு கதையைக் காத்து வைத்திருக்கிறது. பெயர் சூட்டப்படாத தோட்டத்துத் திடல்களுக்கு நாம் எழுதிவைப்பதைத் தவிர வேறு காவல் இல்லை.